வீரசேனாசாரியாரும் இருபத்தொன்பது இலக்க எண்ணும்

பரமாகமங்களுக்கு உரை வகுத்தளித்த ஆசாரியப் பெருமக்களுள் ஸ்ரீ வீரசேனாசாரியார் முன்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர். ஷட்கண்டாகமத்துக்கு அவர் இயற்றிய தவளா என்னும் பேருரை இல்லையேல், அந்நூலின் நுண்பொருளை இன்று நாம் அறிந்துகொள்வது அரிதாகியிருக்கும். அவரைச் சித்தாந்தக் கடலாக அறிந்தவர் பலர். கணிதப் பேரறிஞராக அறிந்தவர் சிலரே. இருபத்தொன்பது இலக்கங்களைக் கொண்ட ஒரு பேரெண்ணை அவர் எவ்வாறு ஆராய்ந்தார் என்பதைக் காணும்போது, அவருடைய புலமையும் அஞ்சாமையும் ஒருங்கே விளங்கும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

குருமரபும் கல்வியும்

வீரசேனர் பஞ்சஸ்தூபான்வயம் என்னும் முனிவர் மரபைச் சார்ந்தவர். சந்திரசேனரின் மாணவர் ஆரியநந்தி. ஆரியநந்தியின் மாணவர் வீரசேனர். தவளாவின் இறுதியில் அமைந்த பாயிரப் பகுதியில் அவரே இம்மரபைக் குறித்துள்ளார். சித்தாந்தம், யாப்பு, சோதிடம், இலக்கணம், அளவை நூல் ஆகிய துறைகளில் தாம் பெற்ற பயிற்சியையும் அங்கு உணர்த்துகிறார். சோதிடம் என்பது அக்காலத்தில் கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் கலையையும் உள்ளடக்கியது. ஆகவே, எண்களோடு அவருக்கு இளமையிலேயே பழக்கம் ஏற்பட்டிருந்தது எனலாம்.

ஆகமப் பொருளை அவர் கற்றது ஏலாசாரியாரிடம். சித்திரகூடபுரத்தில் வாழ்ந்த ஏலாசாரியாரை அடைந்து சித்தாந்தம் முழுவதையும் கேட்டுணர்ந்தார் என்றும், பின்னர் ஆசிரியரின் இசைவு பெற்று வாடகிராமம் வந்து, ஆங்கிருந்த ஜினாலயத்தில் தங்கி உரைப்பணியைத் தொடங்கினார் என்றும் இந்திரநந்தியின் சுருதாவதாரம் கூறுகிறது. முன்பே வப்பதேவர் இயற்றியிருந்த வியாக்கியாபிரஜ்ஞப்தி என்னும் உரை அவ்வாலயத்தில் அவருக்குக் கிடைத்தது. அதனைத் துணையாகக் கொண்டு, 72,000 கிரந்த அளவுடைய தவளா உரையை அவர் நிறைவு செய்தார்.

இவ்வுரை நிறைவுற்ற ஆண்டு சக வருடம் 738, அதாவது கி.பி. 816 என்பது பதிப்பாசிரியர் ஹீராலால் ஜெயின் அவர்களின் முடிபு. கி.பி. 780 எனக் கொள்ளும் அறிஞரும் உளர். கி.பி. 783-இல் நிறைவுற்ற ஹரிவம்ச புராணத்தில் வீரசேனரின் புகழ் பாராட்டப்பட்டிருத்தலால், அதற்கு முன்பே அவர் பெயர் பரவியிருந்தது என்பது தெளிவு. தக்காணத்தை இராஷ்டிரகூட மன்னர்கள் ஆண்ட காலம் அது.

தவளா என்ற சொல்லுக்கு வெண்மையானது என்பது பொருள். தவளம் என்ற சொல்லைத் தமிழும் அப்பொருளிலேயே வழங்குகிறது. பிராகிருதத்தையும் வடமொழியையும் மணியும் பவளமும் கோத்தாற்போலக் கலந்து எழுதப்பெற்றது இவ்வுரை. ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையில் பழகிய நம் இல்லத்தாருக்கு இந்நடையின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூலநூலும் தமிழகத் தொடர்பும்

உரை எழுந்த மூலநூலின் வரலாற்றை வீரசேனரே தம் உரையின் தொடக்கத்தில் எடுத்துரைக்கிறார். கிர்நார் மலையின் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசாரியார், ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடலாகாதே என்று கவலையுற்றுத் தென்னாட்டு முனிவர் சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். இரு முனிவர்கள் வந்தனர். அவர்களுடைய தகுதியை அறிய விரும்பிய ஆசாரியர், ஒருவருக்கு எழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவருக்கு எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்தார். மந்திரத்தைச் செபித்தபோது, பல் நீண்ட தேவதை ஒருவர் முன்னும் ஒற்றைக்கண் தேவதை மற்றவர் முன்னும் தோன்றின. தேவர்களின் இயல்பான உருவம் இதுவாகாது என்று உணர்ந்த முனிவர்கள், மந்திர இலக்கணத்தைக் கொண்டு மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் செபித்தனர். தேவதைகள் தம் உண்மை உருவில் காட்சி அளித்தன. ஆசாரியர் கொடுத்ததேயாயினும் ஆராய்ந்து பிழை நீக்கும் ஆற்றல் உடையோரிடமே ஆகமத்தை ஒப்படைக்கலாம் என்று தரசேனர் மகிழ்ந்தார்.

அம்முனிவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். கல்வி முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும், பூதபலி தமிழ்நாட்டுக்கும் சென்றனர் என்பது தவளா தரும் செய்தி. முதற்பகுதியின் சூத்திரங்களைப் புஷ்பதந்தர் இயற்றினார். உயிர்களின் எண்ணிக்கையைக் கூறும் திரவியப்பிரமாணானுகமம் தொடங்கி எஞ்சிய பகுதிகளை இயற்றியவர் பூதபலி. நாம் காணப்போகும் எண்ணைப் பற்றிய சூத்திரம் இப்பகுதியைச் சேர்ந்தது. தமிழகம் நோக்கி வந்த ஆசாரியரின் சூத்திரம் அது என்பதில் நம்மவர்க்கு ஓர் உரிமை மகிழ்ச்சி உண்டு.

சூத்திரம் வகுத்த எல்லைகள்

பரியாப்திகள் நிறைவுற்ற மனிதரின் எண்ணிக்கை எவ்வளவு என்னும் வினாவுக்குச் சூத்திரம் இரு வகையாக எல்லை வகுக்கிறது. கோடி கோடி கோடிக்கு மேலும், கோடி கோடி கோடி கோடிக்குக் கீழும் என்பது ஒருவகை. ஆறாம் வர்க்கத்துக்கு மேலும், ஏழாம் வர்க்கத்துக்குக் கீழும் என்பது மற்றொரு வகை. இஃது இன்று நாம் வாழும் நிலப்பகுதியின் மக்கள்தொகையைக் கூறுவதன்று. இரண்டரைத் தீவு எனப்படும் மனிதவுலகம் முழுமைக்கும் உரிய கணக்கு.

வர்க்கம் என்பது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது. இரண்டின் முதல் வர்க்கம் 4. நான்கைத் தன்னால் பெருக்க இரண்டாம் வர்க்கம் 16. மூன்றாம் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65,536. ஐந்தாம் வர்க்கம் 429,49,67,296, அதாவது 429 கோடிக்கு மேல். ஆறாம் வர்க்கம் 18446744073709551616 என்னும் இருபது இலக்க எண். ஏழாம் வர்க்கம் முப்பத்தொன்பது இலக்கங்களை உடையது. படிதோறும் இலக்கங்கள் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகுவதைக் காணலாம்.

இவ்வெல்லைகளுக்கு இடையில் நிற்கும் எண் இன்னதுதான் என்று அறுதியிட்டுக் கூறிய ஆசாரியர்களும் இருந்தனர். ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கி வருவதே பரியாப்த மனிதரின் எண்ணிக்கை என்பது அவர்கள் கொள்கை. அவ்வாறு பெருக்க வரும் எண் 79228162514264337593543950336. சுவேதாம்பர மரபின் அனுயோகத்துவார சூத்திரமும் தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்று இதனையே சுட்டுகிறது. பழைமையும் பெருமையும் வாய்ந்த எண் இது.

எண்ணின் இயல்பு

இவ்வெண்ணின் இயல்பை அறிய, வீரசேனர் விரிவாகக் கையாண்ட அர்த்தச்சேதம் என்னும் கருவி உதவும். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்குமோ, அத்தனையே அதன் அர்த்தச்சேதம். பதினாறைப் பாதியாக்க 8, பின் 4, பின் 2, பின் 1. ஆகவே பதினாறின் அர்த்தச்சேதம் நான்கு. முப்பத்திரண்டின் அர்த்தச்சேதம் ஐந்து. இரண்டையும் பெருக்கினால் 512; அதன் அர்த்தச்சேதம் ஒன்பது. பெருக்கல் இவ்வாறு கூட்டலாக மாறிவிடுகிறது. வகுத்தல் கழித்தலாக மாறும். இவ்விதிகள் யாவும் தவளாவில் உள்ளன. மும்மூன்றாகப் பகுக்கும் திரிகச்சேதம், நந்நான்காகப் பகுக்கும் சதுர்த்தச்சேதம், எத்தனையாவது வர்க்கம் என்பதைக் கூறும் வர்க்கசலாகை ஆகியனவும் அங்கு எடுத்தாளப்படுகின்றன.

ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32. ஆறாம் வர்க்கத்தினது 64. இவற்றின் பெருக்கத்துக்கு அர்த்தச்சேதம் 96. இருபத்தொன்பது இலக்கங்களையும் எழுதாமலே இத்துணையும் அறியலாம். எல்லா எண்ணும் இவ்வாறு பாதியாகிக்கொண்டே சென்று ஒன்றை அடைவதில்லை. நூறு இருமுறை பாதியாகி 25 என்னும் ஒற்றைப்படை எண்ணில் தடைப்படும். கோடி என்னும் எண் ஏழு முறை பாதியாகி 78,125-இல் நின்றுவிடும். நம் எண்ணோ தொண்ணூற்றாறு படிகளிலும் தடையின்றி இறங்கி ஒன்றை அடைகிறது. இரண்டைத் தவிர வேறு பகா எண் எதுவும் அதனை வகுக்காது. ஒன்றும் அவ்வெண்ணும் உட்பட அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 97 மட்டுமே. அவ்வெண்ணை நீக்கி ஏனைய 96 எண்களையும் கூட்டினால், அவ்வெண்ணுக்கு ஒன்று குறைவான தொகை வரும்.

ஆறாம் வர்க்கம் என்பது ஐந்தாம் வர்க்கத்தைத் தன்னால் பெருக்கியது. ஆகவே இவ்வெண் ஐந்தாம் வர்க்கத்தின் கனமும் ஆகும். 281474976710656 என்னும் எண்ணின் வர்க்கமும் இதுவே. இதன் இருபத்தொன்பது இலக்கங்களையும் கூட்டினால் 127 வரும். அது மூன்றால் வகுபடாமையால் எண்ணும் மூன்றால் வகுபடாது என்பதைச் சிறுவரும் சரிபார்க்கலாம்.

ஆசாரியரின் ஆய்வு

இத்துணைச் சிறப்புடைய எண்ணைச் சூத்திரத்தின் எல்லைகளோடு வைத்து வீரசேனர் ஆராய்ந்தார். அர்த்தச்சேதம் 96 என்பது 64-க்கும் 128-க்கும் இடைப்பட்டது. ஆதலால் ஆறாம் வர்க்கத்துக்கு மேலும் ஏழாம் வர்க்கத்துக்குக் கீழும் என்ற எல்லைக்குள் இவ்வெண் அடங்குகிறது. மற்றோர் எல்லையோ கோடி கோடி கோடி கோடி. ஒன்றை எழுதி இருபத்தெட்டுச் சுழியங்களை இட்டால் வருவது அவ்வெண். அதுவும் இருபத்தொன்பது இலக்கங்கள் உடையதே. இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒத்தனவாகத் தோன்றும். இங்கேதான் கூர்ந்த நோக்கு வேண்டியிருந்தது.

வலப்புறத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரித்து 7 | 9228162 | 5142643 | 3759354 | 3950336 என எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும். முதலில் தனித்து நிற்கும் ஏழு, கோடி கோடி கோடி கோடியின் தானத்தில் நிற்கிறது. சூத்திரம் விதித்த மேல்எல்லையை இவ்வெண் ஏழு மடங்குக்கு மேல் கடந்துவிடுகிறது.

வீரசேனர் அத்துடன் அமையவில்லை. மனிதவுலகம் 45 இலட்சம் யோசனை விட்டமுள்ள வட்டம் என்பது ஆகம வழக்கு. அதன் பரப்பைக் கணக்கிட்டு, இத்துணைப் பெருந்தொகையினர் அப்பரப்பில் இடம்பெறுதல் இயலாது என்று காட்டினார். சூத்திரத்தோடும் பொருந்தாது, பரப்புக் கணக்கோடும் பொருந்தாது. எனவே அவ்வெண்ணைக் கொள்வாரின் கருத்து ஏற்புடையதன்று என்பது அவர் முடிபு.

இம்முடிபின் அருமையைச் சிந்திக்க வேண்டும். அவ்வெண்ணைக் கூறியவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர். அவர் வணங்கிய ஆசாரிய மரபைச் சேர்ந்தவர்களே. முன்னோர் மொழிந்தது என்பதற்காகவே ஏற்றுக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவ்வாறு ஏற்றால் பூதபலியின் சூத்திரம் பிழைபட்டதாகும். ஆகமத்தின்பால் கொண்ட பக்தியே அவரைக் கணக்கிடத் தூண்டியது. மந்திரத்தில் எழுத்தைத் திருத்திய அவ்விரு முனிவர்களின் வழியிலேயே அவரும் நடந்தார்.

எல்லா இடங்களிலும் அவர் இவ்வாறு மறுத்துரைத்தார் என்று கருதிவிடலாகாது. தென்மரபு, வடமரபு என இருவேறு உபதேசங்கள் வழங்கிய இடங்களில் இரண்டையும் பதிவு செய்துள்ளார். சான்று கிட்டாதவிடத்து ஒன்றை மெய்யென்றும் மற்றொன்றைப் பொய்யென்றும் துணியாமல் விடுவதும் அவர் வழக்கம். கணக்கு தெளிவாகத் தீர்ப்பளிக்கும் இடத்தில் தயங்காமல் உரைத்தார். தீர்ப்பளிக்காத இடத்தில் அடக்கம் காத்தார்.

பிற கணிதச் சிறப்புகள்

வட்டத்தின் சுற்றளவைக் காண அவர் எடுத்தாண்ட விதியும் குறிப்பிடத்தக்கது. விட்டத்தைப் பதினாறால் பெருக்கி, பதினாறைக் கூட்டி, 113-ஆல் வகுத்து, மும்மடங்கு விட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அவ்விதி. பெரிய வட்டங்களுக்கு இது 355-ஐ 113-ஆல் வகுத்த விகிதத்தைத் தருவதற்கு ஒப்பாகும். அவ்விகிதம் ஆறு தசம தானங்கள் வரை உண்மையோடு ஒத்துவருவது. 45 இலட்சம் யோசனை விட்டத்துக்கு இதனைப் பொருத்தினால் சுற்றளவு 1,41,37,168 யோசனை வரும். இன்றைய கணிதம் தரும் விடைக்கும் இதற்கும் இரண்டு யோசனைகூட வேறுபாடில்லை. பத்தின் வர்க்கமூலத்தைக் கொண்டு கணக்கிடும் பழைய வழக்கின்படி 1,42,30,249 யோசனை வரும்.

ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-இல். அர்த்தச்சேத விதிகள் மடக்கையின் அடிப்படை விதிகளே. எனினும் வீரசேனர் அட்டவணை வகுக்கவில்லை. அன்றாடக் கணக்குகளை எளிதாக்குவதும் அவர் நோக்கமன்று. உயிர்களின் தொகையை அளவிடும் சித்தாந்த விளக்கத்துக்கே அவ்விதிகளைப் பயன்படுத்தினார். உள்ளதை உள்ளவாறு கூறுவதே அவர் பெருமைக்கு ஏற்றது.

நிறைவுறாத உரையும் நிறைவு செய்த மாணவரும்

தவளாவை முடித்தபின், குணதராசாரியாரின் கஷாயப்பிராபிருதத்துக்கு ஜெயதவளா என்னும் உரையை வீரசேனர் தொடங்கினார். 20,000 கிரந்த அளவு எழுதிய நிலையில் அவர் மறைந்தார். இளமையிலேயே அவரை அடைந்து துறவு பூண்ட மாணவர் ஜினசேனாசாரியார், மேலும் 40,000 கிரந்தம் இயற்றி, சக வருடம் 759, அதாவது கி.பி. 837-இல் அதனை முடித்தார். அமோகவர்ஷ மன்னர் போற்றி வணங்கிய ஜினசேனர் இவரே. ஆதிபுராணத்தை இயற்றியவரும் இவரே. இவர் நிறைவு செய்யாது விட்ட மகாபுராணத்தை இவருடைய மாணவர் குணபத்திரர் முடித்தார். அம்மகாபுராணத்தை அடியொற்றியே நம் இல்லங்களில் பயிலும் ஸ்ரீபுராணம் எழுந்தது. ஆசிரியர் விட்ட இடத்தில் மாணவர் தொடரும் இம்மரபின் பயனை நாம் இன்றும் நுகர்ந்து வருகிறோம்.

வீரசேனர் மறுத்த எண்ணோ மறைந்துவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயரின் ஆசிரியராக விளங்கிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில் பரியாப்த மனிதரின் எண்ணிக்கையாக இதனையே தந்துள்ளார். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும் கடபயாதி முறையில் ஒரே பாடலுக்குள் இருபத்தொன்பது இலக்கங்களையும் அடக்கியிருக்கிறார். வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டு வந்தால் எண் பிழையின்றிக் கிடைக்கிறது. இவ்வாறு இரு கருத்துகளும் நம் நூல்களில் அருகருகே நிற்கின்றன. மாறுபட்ட கருத்தை அழித்துவிடாமல் காத்து வைத்தது நம் மரபின் பண்பு.

ஏடுகள் வெளிவந்த வரலாறு

தவளாவின் ஓலைச்சுவடிகள் கர்நாடகத்து மூடபித்ரியில் நூற்றாண்டுகள் பலவாகக் காக்கப்பட்டு வந்தன. யாத்திரிகர் கண்டு வணங்கும் திருவேடுகளாக அவை இருந்தனவேயன்றிப் படிப்போர் அரியராயினர். கன்னட எழுத்தில் இருந்த அவற்றைப் படியெடுக்கும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. ஹீராலால் ஜெயின் அவர்களின் தலைமையில் 1939-இல் முதல் தொகுதி அச்சேறியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பதினாறு தொகுதிகள் நிறைவுற்றன. 1942-இல் வெளிவந்த நான்காம் தொகுதிக்கு இலக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் தவளாவின் கணிதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வழங்கினார். அதன் பின்னரே வீரசேனரின் கணித மேன்மையைப் பிற நாட்டறிஞரும் அறியத் தொடங்கினர்.

ஷட்கண்டாகமம் ஏட்டில் எழுதி நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அன்று ஏடுகளுக்கு அருச்சனை செய்து வணங்கும்போது, இல்லத்துச் சிறுவரை அமரச் செய்து, இரண்டில் தொடங்கி வர்க்கங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடப் பழக்கலாம். ஐந்தாம் வர்க்கம் வரை தாளில் எழுதியே காணலாம். ஆறாவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். இரண்டையும் பெருக்கி இருபத்தொன்பது இலக்கங்களையும் பெற்றபின், ஏழேழாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். வீரசேனாசாரியார் கண்ட உண்மையை அவர்கள் தம் கையாலேயே கண்டறிவார்கள்.